ஐ.எஸ்.ஓ. கோப்பை டிவிடியில் போட்டும் பூட் ஆகவில்லையே, ஏன்?

"லினக்ஸ் ஐ.எஸ்.ஓ. ஒன்றைத் தரவிறக்கிப் புது டிவிடியில் போட்டேன். டிஸ்க்கைத் திறந்தால் கோப்பு இருக்கிறது, ஆனால் கணினி அதிலிருந்து பூட் ஆகவே (தொடங்கவே) மாட்டேன் என்கிறது. டிஸ்க் சரியில்லையா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

டிஸ்க் மேல் தப்பில்லை. திறந்தால் அந்த ஐ.எஸ்.ஓ. கோப்பு தெரிகிறது என்கிறீர்களே, அதுதான் கோளாறு. சரியாக ரைட் ஆன டிஸ்க்கில் அந்தக் கோப்பு இருக்கவே இருக்காது. அதற்குள் இருந்த ஃபோல்டர்கள்தான் விரிந்து தெரியும். நானும் முதல் தடவை இப்படித்தான் கோப்பை இழுத்துப் போட்டேன். பூட் ஆகவில்லை. டிஸ்க் மட்டம் என்று வேறு எடுத்தேன், அப்புறம் டிரைவைச் சந்தேகப்பட்டேன். மூன்றாவது டிஸ்க்கும் வீணான பிறகுதான் என்னையே சந்தேகப்படத் தோன்றியது.

ஐ.எஸ்.ஓ. பார்க்க ஒற்றைக் கோப்பு மாதிரி இருந்தாலும் உண்மையில் அது ஒரு முழு டிஸ்க்கின் அச்சு அசலான நகல். 'இமேஜ்' என்பது இதைத்தான். டிஸ்க் முழுவதும் 2048 பைட் கொண்ட செக்டார்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும். அவை முதலிலிருந்து கடைசி வரை வரிசை குலையாமல் அந்தக் கோப்பில் அடுக்கப்பட்டிருக்கின்றன. இதில் இடம்தான் முக்கியம். டிஸ்க்கில் என்ன இருக்கிறது என்ற விவரம் 16ஆவது செக்டாரில் தொடங்கும். பூட் செய்வதற்கான குறிப்பு 17ஆவதில். கணினி ஆன் ஆனதும் நேராக அந்த 17ஆவது செக்டாரில்தான் போய்த் தேடும். நீங்கள் கோப்பாக இழுத்துப் போட்டால், விண்டோஸ் தன் சொந்த அமைப்பை முன்னால் எழுதிவிட்டு, உங்கள் ஐ.எஸ்.ஓ.வை எங்கேயோ நடுவில் ஒரு மூட்டையாக வைத்துவிடும். வீட்டைக் கட்டுங்கள் என்றால் வீட்டு வரைபடத்தை மனையில் கொண்டுபோய் வைத்த கதைதான்.

வெற்று டிஸ்க்கைப் போட்டதும் விண்டோஸ் ஒரு சின்னப் பெட்டியைக் காட்டும், 'இந்த டிஸ்க்கை யூஎஸ்பி போலப் பயன்படுத்தவா, சிடி டிவிடி பிளேயருக்காகவா' என்று. பலரும் சறுக்குவது அங்கேதான். இரண்டுமே உங்களுக்கு வேண்டாம், பெட்டியை மூடிவிடுங்கள். தரவிறக்கிய கோப்பின் மேல் வலது கிளிக் செய்து 'பர்ன் டிஸ்க் இமேஜ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் 7 முதலே இது கூடவே வருகிறது. விண்டோஸ் 11இல் 'ஷோ மோர் ஆப்ஷன்ஸ்' உள்ளே ஒளிந்திருக்கும். அங்கும் காணோமா? ஏதோ ஒரு ஜிப் மென்பொருள் ஐ.எஸ்.ஓ. கோப்புகளைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டிருக்கும். 'ஓப்பன் வித்' போய் 'விண்டோஸ் டிஸ்க் இமேஜ் பர்னர்' என்பதைக் கொடுத்தால் வந்துவிடும். லினக்ஸ் என்றால் கே3பி அல்லது பிரசேரோ என்ற மென்பொருள். அவற்றிலும் இமேஜ் ரைட் செய்யும் வழியைத்தான் எடுக்க வேண்டும், 'டேட்டா டிஸ்க்' அல்ல.

ரைட் கொடுக்கும் முன் கோப்பு முழுசாக இறங்கியதா என்று பார்த்துவிடுங்கள். தரவிறக்கப் பக்கத்திலேயே எஸ்ஹெச்ஏ-256 என்று 64 எழுத்து கொண்ட ஒரு நீளமான சரம், கோப்பின் கைரேகை மாதிரி, கொடுத்திருப்பார்கள். விண்டோஸில் செர்ட்யூட்டில், லினக்ஸில் எஸ்ஹெச்ஏ256சம் என்ற கட்டளை உங்கள் கோப்புக்கு அதே மாதிரி ஒன்றைக் கணக்கிட்டுத் தரும். கண்ணால் ஒப்பிட வேண்டாம். அதை நகலெடுத்து, அந்தப் பக்கத்தில் கன்ட்ரோல்+எஃப் அழுத்தினால் வரும் தேடல் பெட்டியில் ஒட்டிப் பாருங்கள். சிக்கினால் சரி, சிக்காவிட்டால் மறுபடி தரவிறக்குங்கள்.

அளவும் ஒரு பொறி. டிவிடி உறையில் 4.7 ஜிபி என்று போட்டிருப்பார்கள். அது 100 கோடி பைட்டை ஒரு ஜிபியாக வைத்த கணக்கு. விண்டோஸ் 1024 மடங்குக் கணக்கு வைப்பதால் அதே டிஸ்க் அங்கே சுமார் 4.37 ஜிபிதான். விண்டோஸ் 4.5 ஜிபி என்று காட்டும் இமேஜ் அதில் அடங்காது, இரட்டை அடுக்கு டிவிடி வேண்டும். வேடிக்கை என்னவென்றால் சிடியின் 700 எம்பி மட்டும் 1024 கணக்கிலேயே நேர்மையானது.

வேகத்தைப் பொறுத்தவரை விண்டோஸின் சொந்தப் பர்னர் நம்மிடம் கேட்பதே இல்லை. இம்ஜ்பர்ன் மாதிரி தனி மென்பொருளில் கேட்கும். 16எக்ஸ் வேகம் வரை தாங்கும் டிஸ்க் என்றாலும் நான் 8எக்ஸ் வைப்பேன். முழு டிவிடிக்கு எட்டு நிமிடம் போல ஆகும், அவ்வளவுதான். 'வெரிஃபை' என்ற பெட்டியை மட்டும் டிக் செய்யாமல் விடாதீர்கள். எழுதியதைத் திரும்பப் படித்து ஒப்பிட நேரம் பிடிக்கும், ஆனாலும் விடக் கூடாது. ஒரு தடவை அவசரத்தில் அதை எடுத்துவிட்டேன். இன்ஸ்டால் பாதியில், 60 சதவீதத்தைத் தாண்டியதும், படிக்க முடியவில்லை என்று நின்றுவிட்டது. பழைய சிஸ்டத்தை அதற்குள் அழித்தாயிற்று.

வெளியே எடுத்ததும் டிஸ்க்கை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். நடு வளையத்திலிருந்து எழுதப்பட்ட பகுதி கொஞ்சம் நிறம் மாறி, ஒரு கோட்டோடு நிற்கும். இமேஜ் சின்னது என்றால் கோடு உள்பக்கம் இருக்கும். இது சோதனை இல்லை, சும்மா பார்க்க நன்றாக இருக்கும். உண்மையான சோதனை, டிஸ்க்கைத் திறந்ததும் ஃபோல்டர்கள் தெரிவதும் கணினி பூட் ஆவதும்தான். ஃபோல்டர்கள் தெரிந்தும் பூட் ஆகவில்லை என்றால் பயாஸில் (கணினி தொடங்கும்போது வரும் அமைப்புத் திரையில்) டிவிடி டிரைவ் முதலில் வருகிறதா என்று பாருங்கள்.

ஏற்கனவே இழுத்துப் போட்ட டிஸ்க் டிவிடி-ஆர் (அழித்து எழுத முடியாத) வகை என்றால் அதில் இனி இமேஜ் ஏறாது. அழித்து எழுதக்கூடிய டிவிடி-ஆர்டபிள்யூ என்றால் தப்பித்தீர்கள், அழித்துவிட்டு அதிலேயே மறுபடி ரைட் செய்யுங்கள்.