டாக்டர் பதில்கள்

கேள்வி: கோத்தகிரியில் இருக்கிறோம். குழந்தைகள் நலக் குழு மூலம் ஆறு வயதுச் சிறுவனை வளர்ப்புப் பராமரிப்பில் ஏற்றுள்ளோம். அவனுக்கு ஹீமோபிலியா ஏ, அதாவது இரத்தம் எளிதில் உறையாத நோய். தேயிலைச் சரிவில் ஓடுகிறான். தடுக்கலாமா?

பதில்: தடுக்காதீர்கள் அம்மா, ஓடட்டும். தசை வலுப்பட்டால் மூட்டுக்குப் பாதுகாப்பு. மரம் ஏறுவதும் முரட்டு விளையாட்டும் மட்டும் வேண்டாம். சிராய்ப்பை அழுத்திப் பிடித்தால் போதும். நான் அஞ்சுவது மூட்டுக்குள்ளும் தலைக்குள்ளும் கண்ணுக்குத் தெரியாமல் நடக்கும் இரத்தக் கசிவுக்குத்தான். முழங்கால் சூடாகி வீங்கினாலோ, நொண்டினாலோ உடனே ஃபேக்டர் 8 (அவனிடம் குறைவாக உள்ள, இரத்தத்தை உறைய வைக்கும் புரதம்) ஏற்ற வேண்டும். தலையில் அடிபட்டால் முதலில் ஃபேக்டர், பிறகுதான் ஸ்கேன். மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும் சாலையில் மண் சரிந்தால் என்ன செய்வீர்கள்? மருத்துவரைக் கேட்டு மருந்தை வீட்டிலேயே 2 முதல் 8 டிகிரி குளிரில் வைத்திருங்கள், உறையக் கூடாது. அரசு மருத்துவமனைகளில் இது இலவசம். ஆஸ்பிரின், இபுபுரூஃபன், தசை ஊசி கூடாது. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் கொடுக்கலாம்.

இன்னொன்று, எனக்கு இதுவே பெரிய கவலை. வீடு மாறி வந்த பிள்ளை, திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று வலியை மறைப்பான். “வலித்தால் சொல், உன்னை எங்கும் அனுப்ப மாட்டோம்” என்று அடிக்கடி சொல்லுங்கள். தினமும் குளிப்பாட்டும்போது மூட்டுகளைத் தொட்டுப் பாருங்கள். அவசர சிகிச்சைக்கு யார் கையெழுத்திடலாம் என்பதைக் குழுவிடம் இப்போதே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.