மைக் பிடிப்பவர் இளைத்தவர் இல்லை

கேள்வி: நாங்கள் ஐந்து மாணவர்கள் சேர்ந்து, கடலில் வளைத்த வலையைக் கரையில் நின்று இழுக்கும் கரைவலைத் தொழிலாளர்களைப் பற்றிப் பத்து நிமிட ஆவணப்படம் எடுக்கிறோம். தமிழ், முஸ்லிம், சிங்களப் பிள்ளைகள் கலந்த குழு. கமரா, எடிட்டிங் எல்லாம் மற்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள். எனக்கு மைக் மட்டும்தான் மிஞ்சியது. இதில் நான் என்ன பழகப்போகிறேன்?
– மாணவி, உப்புவெளி

பதில்: உங்கள் குழுவில் அதிகம் பழகப்போவது நீங்கள்தான், பிள்ளை. ஆறுதலுக்குச் சொல்லவில்லை. கமரா பிடிப்பவருக்கு ஃபிரேமும் வெளிச்சமும் பார்க்கவே நேரம் சரியாக இருக்கும். பேட்டி எடுப்பவர் அடுத்த கேள்வியை யோசித்துக்கொண்டிருப்பார். ஹெட்போன் போட்டுக்கொண்டு அந்த மனிதர் சொல்வதை முழுதாகக் கேட்பது நீங்கள் மட்டும்தான். வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி எந்த இடத்தில் குரலைத் தாழ்த்தினார், ஆட்களை நடத்தும் தண்டையல் எதைச் சொல்ல வந்து விழுங்கினார் என்பதெல்லாம் உங்களுக்குத்தான் முதலில் தெரியவரும். படத்தின் கதை பல நேரம் அங்கேதான் கிடக்கும். பேட்டி முடிந்த கையோடு அதைக் கொப்பியில் எழுதி, எடிட் செய்பவரிடம் கொடுங்கள்.

ஆனி, ஆடியில் போகிறீர்கள் என்றால் பலமாக வீசும் கச்சான் காற்றுக்குத் தயாராகப் போங்கள். பஞ்சு உறை போதாது, மைக்குக்கு மேல் ரோம உறை வேண்டும். சட்டையில் குத்தும் மைக்கை நாடிக்குக் கீழே ஒரு சாண் அளவில் குத்தி, ஆளைக் காற்றுக்கு முதுகு காட்டி நிறுத்துங்கள். 48 கிலோஹேர்ட்ஸில் பதியுங்கள். பேச்சு மீட்டரில் மைனஸ் 12 டெசிபெல் அளவில் இருந்தால், யாராவது திடீரென்று கத்தினாலும் ஒலி பெரும்பாலும் உடையாது. ஒலியைத் தனியாகப் பதிவதென்றால், தொடக்கத்தில் கமராவுக்கு எதிரே ஒருமுறை கைதட்டிவிடுங்கள். பிறகு படத்தோடு பொருத்துவது சுலபம்.

அப்புறம், வலை இழுக்கும் சத்தம். வலையின் இரண்டு பக்கக் கயிற்றிலும் ஆட்கள் நிற்பார்கள். ஒரு பக்கத்தில் மட்டும் நின்றால் பாதிதான் கிடைக்கும். வலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டுத் தெரிந்த பெரியவர் யாராவது இருந்தால், கமரா இல்லாவிட்டாலும் பரவாயில்லை, பாட்டை முழுதாகப் பதிந்து வையுங்கள். இதில் எனக்குப் பேராசை உண்டு. பல கரைகளில் உழவு இயந்திரத்தில் கயிறு சுற்றும் வின்ச் பூட்டி இழுக்கும் பழக்கம் வந்துவிட்டது, அந்த இரைச்சலில் யார் பாடுவது? ஆனாலும் அந்த இரைச்சல் இருந்தால் அதையும் விடாமல் பதியுங்கள், அதுவும் கடற்கரையின் கதைதான். கிளம்புமுன் எல்லோரும் பேசாமல் நின்று, அந்த இடத்தின் வெறும் ஓசையை ஒரு நிமிடம் பதியுங்கள். எடிட்டிங்கில் வெட்டிய இடங்களை மூட அதுதான் உதவும்.

ஒன்று முக்கியம். அன்றன்று எடுத்த பேட்டியை அன்று இரவே எல்லோருமாக உட்கார்ந்து கேளுங்கள். தமிழ் தெரியாத நண்பருக்கு வரிவரியாகச் சொல்லுங்கள். குழுவில் பாதிப்பேருக்கு விளங்காத பேட்டியை வைத்துக் கூட்டாகப் படம் செய்ய முடியாது.

கேள்வி: எங்கள் படத்தில் பேசிய வலை இழுக்கும் தொழிலாளி ஒருவர், சம்மாட்டியிடம் வாங்கிய கடனைப் பற்றிச் சொன்ன பகுதியை இப்போது எடுத்துவிடச் சொல்கிறார். சம்மதப் படிவத்தில் கையெழுத்து இருக்கிறது. படத்திலேயே நல்ல பகுதி அதுதான்!
– மாணவர், கிண்ணியா

பதில்: எடுத்துவிடுங்கள், தம்பி. உங்களுக்குப் புள்ளி கிடைத்ததும் வேலை முடிந்தது. அவர் நாளைக்கும் அதே சம்மாட்டியின் வலையைத்தான் இழுக்க வேண்டும். கையெழுத்து உங்களுக்குப் பாதுகாப்பு, அவருக்கு அது என்ன செய்யும்? கடனைச் சொல்ல வேறு வழி இருக்கிறது. மீன் விற்ற காசைப் பங்கு பிரிக்கும் இடத்தை, அனுமதி கேட்டு, வெட்டாமல் எடுங்கள். யாருக்கு எவ்வளவு போகிறது என்று பார்ப்பவர்களே கணக்குப் போடுவார்கள். முதல் எடிட் முடிந்ததும் அதில் பேசிய எல்லோருக்கும் போட்டுக் காட்டுங்கள். பிரெஞ்சு இயக்குநர் ழான் ரூஷ், 1961இல் வெளிவந்த படத்தில், பேசியவர்கள் தங்களையே திரையில் பார்த்துவிட்டு வாதாடுவதையும் சேர்த்தார். உங்கள் கடற்கரையிலும் அப்படி ஒரு வாதம் வரலாம். வந்தால் அதையும் பதியுங்கள்.

கேள்வி: திருகோணமலை பிரெட்ரிக் கோட்டைக்கு மேல் ட்ரோன் விடலாமா?
– மாணவர், நிலாவெளி

பதில்: வேண்டாம். கோட்டைக்குள் இராணுவம் இருக்கிறது, துறைமுகப் பக்கம் கடற்படைத் தளம். சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் விதிகளும் இருக்கின்றன. கோணேசர் கோயிலுக்கு ஏறும் வழியில் நின்றாலே கடல் வடிவாகத் தெரியும். அங்கே கமராவை வெளியே எடுக்குமுன் காவலில் நிற்பவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.