பதிலைப் பார்த்தா புரியுது, தனியா உக்காந்தா வரலை: காலேஜ் கணக்குங்க பத்தி என் அனுபவம்

கேள்வி இதுதான்: "காலேஜ்ல ஃபைனான்ஸ், பயாலஜி, கெமிஸ்ட்ரி, ஸ்டாட்டிஸ்டிக்ஸ்னு எல்லாத்துலயும் கணக்கு வருது. போட்டு வெச்ச பதிலைப் பார்த்தா புரியுது, நானா போட உக்காந்தா முதல் வரியே வரலை. என்ன பண்றது?"

எனக்கும் இதே வியாதிதாங்க இருந்துச்சு. நான் பாலக்காடு ஜில்லா, சித்தூர் தாலுகா, கொழிஞ்சாம்பாறை பக்கம். பத்தாவது வரைக்கும் தமிழ் மீடியம். காலேஜ் போனா மாஷ் (வாத்தியாரை அப்படித்தான் சொல்லுவோம்) மலையாளத்துல சொல்லுவார், புக்கு இங்கிலீஷ், பரீட்சையும் இங்கிலீஷ், என் மண்டைக்குள்ள ஓடறது தமிழ். கெமிஸ்ட்ரி மெயின், ஸ்டாட்டிஸ்டிக்ஸ் காம்ப்ளிமெண்டரி. முதல் இன்டர்னல்ல ஸ்டாட்டிஸ்டிக்ஸ்ல 20க்கு 4 வாங்கினேன். இத்தனைக்கும் முந்தின நாள் ராத்திரி பூரா கைடுல இருந்த கணக்கை வரி வரியா படிச்சுட்டுத்தான் போனேன், ஒவ்வொரு வரியும் புரிஞ்சுது, சத்தியமா புரிஞ்சுது. எங்க ஊர்ல கள்ளு இறக்கறவர் தென்னை ஏறறதை கீழ நின்னு பார்த்தா நமக்கும் ஏறத் தெரிஞ்ச மாதிரியேதான் இருக்கும், மரத்துல கால் வெச்சாத்தான் சங்கதி தெரியும், அந்தக் கதைதான்.

இப்ப ஒரு பால் சொசைட்டில கணக்கு எழுதறேன், சாயங்காலம் எங்க வீட்டுத் திண்ணைல ஏழெட்டு பசங்க வர்றாங்க, பி.காம் ரெண்டு பேர், மிச்சம் பி.எஸ்சி. இத்தனை வருஷமா பார்த்ததுல சொல்றேன், பசங்க மாட்டிக்கறது கணக்குல இல்லீங்க, கேள்வியைப் படிக்கறதுல. கேள்வியைப் பார்த்ததும் எந்த ஃபார்முலான்னு தேட ஆரம்பிச்சுடறாங்க. நான் அவங்ககிட்ட முதல்ல பேனாவை கீழ வெச்சுட்டு கேள்வியை வீட்டுல பேசற தமிழ்ல திருப்பிச் சொல்லச் சொல்லுவேன். என்ன குடுத்திருக்கான், எந்த அளவுல குடுத்திருக்கான், மாசமா வருஷமா, மில்லியா லிட்டரா, என்ன கேக்கறான். அப்புறம் பதில் சுமாரா எவ்வளவு வரும்னு ஒரு ஊகம். அதுக்கப்புறம்தான் ஃபார்முலா. நாலு சப்ஜெக்டுக்கும் இதே வழிதான்.

ஃபைனான்ஸ்லயே பார்ப்போம். ஒரு பி.காம் பொண்ணு அவங்கப்பா வாங்கின வண்டி லோன் கார்டையே எடுத்துட்டு வந்துச்சு. 60,000 ரூபா கடன், "10 சதவீதம்தான் வட்டி", ரெண்டு வருஷம், மாசம் 3,000. அவங்க போட்ட கணக்கு இப்படி: வருஷத்துக்கு 6,000 வட்டி, ரெண்டு வருஷத்துக்கு 12,000, மொத்தம் 72,000, 24ஆல வகுத்தா 3,000. கணக்குல பிசகே இல்ல. ஆனா கேள்வி என்ன? உண்மையான வட்டி வீதம் என்னன்னு. தமிழ்ல சொல்லிப் பாருன்னேன். "மாசாமாசம் கட்டறோம் மாமா, அப்ப கடன் குறைஞ்சுட்டே வருது, ஆனா வட்டி மட்டும் கடைசி மாசம் வரைக்கும் முழு 60,000க்கும் வாங்கறாங்க" அப்படின்னு அதுவே சொல்லிருச்சு. அவ்வளவுதான், கணக்கு அங்கயே பாதி முடிஞ்சுது. சராசரியா கையில இருக்கற கடன் பாதிக்கு கொஞ்சம் மேல, அதனால வட்டி 10க்கு ரெண்டு மடங்குக்கு பக்கத்துல வரும், இது ஊகம். இப்ப தவணைக் கணக்குக்கான டேபிளுக்கு (கடன் மாசத் தவணையை விட எத்தனை மடங்குன்னு வட்டி வாரியா போட்டிருக்கும்) போங்க. 60,000ஐ 3,000ஆல வகுத்தா 20. 24 மாசத்துக்கான வரிசையில 20 எங்க இருக்குன்னு பார்த்தா, மாசம் 1.5 சதவீதத்துல 20.03 இருக்கு. அப்ப வட்டி 1.5க்கு ஒரு மயிரிழை மேல, 1.51ன்னு வெச்சுக்கலாம். வருஷத்துக்கு 18 சதவீதத்துக்கு மேல. எக்செல்ல ரேட்டுன்னு ஒரு ஃபங்ஷன் இருக்கு, அதுல போட்டாலும் இதேதான் வரும். பசங்க வழக்கமா பண்ற தப்பு என்னன்னா மாசத் தவணைக்கு வருஷ வட்டியை அப்படியே போட்டு, எண்ணிக்கைக்கு 24 போடாம 2 போட்டுடறது. அளவை தமிழ்ல சொல்லிட்டுப் போட்டா இந்தத் தப்பு வராது. (அந்தப் பொண்ணு வீட்டுக்குப் போய் அப்பாகிட்ட 18ன்னு சொல்லியிருக்கு. அவர் "தெரிஞ்சிருந்தாலும் வாங்கித்தான் இருப்பேன், பால் கேனை தலையிலயா கொண்டு போறது"ன்னாராம். அவர் சொல்றதும் சரிதான்.)

கெமிஸ்ட்ரிக்கு என் சொந்த மானக்கேடு ஒண்ணு. லேப்ல வினிகர் டைட்ரேஷன், அதாவது காஸ்டிக் சோடாவை விட்டு வினிகர்ல ஆசிட் எவ்வளவுன்னு அளக்கறது. எங்க ஊர்ல கள்ளை வெச்சிருந்தா என்ன ஆகும்னு பொடிசுங்களுக்கே தெரியும், காலையில இனிப்பு, சாயங்காலம் கடுப்பு, இன்னும் விட்டா புளிச்சு வினாகிரி. சர்க்கரையை ஈஸ்ட் ஆல்கஹால் ஆக்குது, ஆல்கஹாலை ஒரு பாக்டீரியா காத்தோட உதவில அசிட்டிக் ஆசிட் ஆக்குது. அன்னிக்கு வினிகரை தண்ணி ஊத்தி மொத்தம் பத்து மடங்கு ஆக்கி, அதுல 10 மில்லி எடுத்து, 0.1 மோலார் காஸ்டிக் சோடா விட்டேன், 7 மில்லியில கலர் மாறுச்சு. 7ஐ 0.1ஆல பெருக்கி 10ஆல வகுத்தா 0.07 மோலார். ஒரு மோல் அசிட்டிக் ஆசிட் 60 கிராம், அதால பெருக்கினா லிட்டருக்கு 4.2 கிராம், அதாவது 0.42 சதவீதம். அழகா அடிக்கோடு போட்டு குடுத்துட்டேன். மாஷ் பார்த்துட்டு "எடா, இது வினாகிரியல்ல, பச்சவெள்ளமா"ன்னார், வெறும் தண்ணிடா இதுன்னு. கிளாஸே சிரிச்சுது. பத்து மடங்கு கலந்ததை திருப்பிப் பெருக்க மறந்துட்டேன். 4.2 சதவீதம் வரணும். கடையில விக்கற வினிகர் 4 சதவீதம் சுத்துவட்டாரத்துல இருக்கும்னு முன்னாடியே ஊகம் போட்டு வெச்சிருந்தா 0.42ஐப் பார்த்ததும் எனக்கே உறுத்தியிருக்கும்.

பிஹெச் (ஆசிட் எவ்வளவு காட்டம்னு சொல்ற எண், குறைய குறைய காட்டம் ஜாஸ்தி) கணக்கும் அப்படித்தான். 0.1 மோலார் அசிட்டிக் ஆசிட்டுக்கு பிஹெச் என்னன்னா நேரா 1னு எழுதறாங்க. அது முழுசா உடையற ஆசிட்டுக்கு. அசிட்டிக் ஆசிட்டுல நூத்துல ஒண்ணு ரெண்டுதான் உடையும், அதனால 1ஐ விட நல்லா மேல இருக்கணும், 7ஐ விட நல்லா கீழ. போட்டா 2.87 வரும். இந்த பிஹெச்ங்கறதை 1909ல கண்டுபிடிச்ச சோரன்சன் கோபன்ஹேகன்ல கார்ல்ஸ்பெர்க் பீர் கம்பெனியோட ஆராய்ச்சிக்கூடத்துல வேலை பார்த்தவர். கள்ளுக்கடை ஊர்க்காரனுக்கு இந்த மாதிரி விஷயம் சட்டுனு மனசுல ஒட்டிக்கும்.

பயாலஜில கணக்கு எங்கய்யா வருதுன்னு சேர்ந்தவங்க ரெண்டாவது செமஸ்டர்ல ஹார்டி வெயின்பெர்க்ல, அதாவது ஜனங்களுக்குள்ள ஒரு மரபணு எப்படிப் பரவியிருக்குன்னு போடற கணக்குல, வந்து விழுவாங்க. 10,000 பேர்ல 4 பேருக்கு ஒரு ஒடுங்கு மரபணு நோய், கேரியர் (நோய் இல்லாம கெட்ட மரபணுவை மட்டும் சுமக்கறவங்க) எத்தனை பேர்? ஒரு பையன் 8ன்னான், இன்னொருத்தன் 4க்குள்ளயே தேடினான். தமிழ்ல சொல்லுங்கடா. நோய் வரணும்னா அப்பாகிட்ட ஒண்ணு, அம்மாகிட்ட ஒண்ணுன்னு அந்த மரபணுவோட ரெண்டு கெட்ட பிரதி ஒண்ணு சேரணும். 4ங்கறது ரெண்டும் சேர்ந்தவங்க கணக்கு, அதாவது க்யூ ஸ்கொயர். க்யூ இல்ல. (கெட்ட பிரதியோட பங்கு க்யூ, நல்லதோட பங்கு பி.) 0.0004க்கு வர்க்கமூலம் 0.02. நல்ல பிரதி 0.98. ஒண்ணு நல்லது ஒண்ணு கெட்டதுன்னு இருக்கறவங்க ரெண்டு பி க்யூ, 2 பெருக்கல் 0.98 பெருக்கல் 0.02, 0.0392. பத்தாயிரத்துல 392 பேர்! நோய் உள்ளவங்க 4, ஒண்ணும் தெரியாம சுமந்துட்டுத் திரியறவங்க 392. எங்க ஜில்லாவுல அட்டப்பாடி ஊருங்கள்ல அரிவாள் செல் ரத்தசோகை இருக்கு, அங்க பரிசோதனை பண்றவங்க நோயாளியோட கேரியரையும் ஏன் தேடறாங்கன்னு இந்தக் கணக்கைப் போட்டா புரியும்.

ஆனா இந்த ஃபார்முலாவுக்கு ஒரு நிபந்தனை உண்டு, யார் யாரை வேணா கட்டிக்கணும், சொந்தம் பார்க்காம. நம்ம பக்கம் அத்தை பையன், மாமன் பொண்ணுதானே? பெத்தவங்க எல்லாருமே அப்படி முறைக்குள்ள கட்டினவங்கன்னு வெச்சுப் போட்டா, க்யூ ஸ்கொயரோட பி க்யூவுல பதினாறுல ஒரு பங்கும் கூட சேரும், 4 பேருங்கறது 16 பேர் ஆயிடும். இதைச் சொன்னதும் திண்ணைல ஒரே அமைதி, ரெண்டு பேருக்கு வீட்டுல ஏற்கனவே பேச்சு நடந்துட்டு இருந்துச்சு போல. இந்த ஹார்டி யாருன்னா நம்ம ராமானுஜனை கேம்பிரிட்ஜுக்கு வரவழைச்ச அதே ஹார்டிதான், 1908ல ஒரு நண்பர் கேட்ட சந்தேகத்துக்கு இந்தக் கணக்கை எழுதிக் குடுத்தார், அதே வருஷம் ஜெர்மனில வெயின்பெர்க்குன்னு ஒரு டாக்டரும் தனியா எழுதினார்.

அதே 1908லதான் ஸ்டாட்டிஸ்டிக்ஸ்ல டி டெஸ்டும் (சின்ன சாம்பிளோட சராசரி நிஜமாவே மாறியிருக்கான்னு பார்க்கறது) வந்துச்சு, அதுவும் பீர் கம்பெனிலருந்தே. டப்ளின்ல கின்னஸ்ல வேலை பார்த்த கோசெட்ங்கறவர், சொந்தப் பேர்ல வெளியிட கம்பெனி விடாததால ஸ்டூடண்ட்னு பேர் போட்டு எழுதினார். கொஞ்சூண்டு சாம்பிளை வெச்சு முடிவெடுக்கணும், அதான் அவர் பிரச்சினை. எங்க சொசைட்டிலயும் அதே பிரச்சினைதான்.

ஒருத்தர் வீட்டு மாட்டுப் பால் அஞ்சு நாள் கொழுப்பு: 3.8, 4.1, 3.9, 4.3, 3.9. வழக்கமா 3.8. பால் இப்ப மாறியிருக்கா? சராசரி 4.0. வித்தியாசங்களை வர்க்கம் பண்ணிக் கூட்டினா 0.16. இதை 5ஆல வகுக்கக் கூடாது, ஒண்ணு குறைச்சு 4ஆல. 0.04, வர்க்கமூலம் 0.2. அதை 5ஓட வர்க்கமூலத்தால வகுத்தா 0.0894. சராசரிக்கும் 3.8க்கும் இடையில இருக்கற 0.2ஐ இதால வகுத்தா 2.236. இது வரைக்கும் எல்லாரும் வந்துடுவாங்க, இதுக்கு மேலதான் கூத்து. ஒருத்தன் 1.96ஓட ஒப்பிட்டு "மாறியிருக்கு"ன்னு எழுதுவான். 1.96 பெரிய சாம்பிளுக்கு, இங்க அஞ்சே அஞ்சு, டி டேபிள்ல அதே 4ங்கற வரிசையில 5 சதவீதத்துக்கு 2.776 இருக்கு, அதைத் தாண்டலை, அதனால மாறியிருக்குன்னு சொல்ல முடியாது. சரி, கேள்வி "மாறியிருக்கா"ன்னு இல்லாம, புதுத் தீவனம் போட்டாங்க, கொழுப்பு "கூடியிருக்கா"ன்னு மாட்டுக்காரர் முதல்லயே கேட்டிருந்தா? அப்ப ஒரு பக்கம் மட்டும்தான் பார்க்கணும், எல்லை 2.132. 2.236 அதைத் தாண்டுது, கூடியிருக்கு! அதே பால், அதே அஞ்சு எண், ஒரே ஒரு வார்த்தை, பதில் தலைகீழ். (விடையைப் பார்த்துட்டு அப்புறமா ஒரு பக்கமா மாத்திக்கறது திருட்டுத்தனம், பரீட்சைல மட்டும் இல்ல.) நான் வாங்கின 4 மார்க்குக்கு காரணமே இதுதான்னு பின்னாடி பேப்பரைத் திருப்பிப் பார்த்தப்ப தெரிஞ்சுது. இங்கிலீஷ்ல அந்த ஒரு வார்த்தையை நான் படிக்கவே இல்ல, எண்களை மட்டும் பொறுக்கி எடுத்திருந்தேன்.

இப்ப போட்டு வெச்ச பதிலை எப்படி வெச்சுக்கறதுன்னு. போன்ல கேள்வியைப் போட்டோ எடுத்துப் போட்டா பத்து செகண்டுல பதில் வருது, பசங்க கையில இருக்கு, வேண்டாம்னு சொல்லி பிரயோஜனம் இல்ல. ஆனா முதல்ல தப்பாவாவது ஒரு தடவை நீங்களே போட்டுருங்க. எங்க மாட்டுச்சோ அந்த இடம் வரைக்கும் மட்டும் பதிலைப் பாருங்க, மிச்சத்தை மூடிட்டு நீங்களே முடிங்க. மறுநாள் வெறும் கேள்வியை மட்டும் வெச்சுக்கிட்டு மொதல்லருந்து போடுங்க. மறுநாளுங்கறது முக்கியம், அன்னிக்கே போட்டா அது ஞாபகத்துல இருந்து எழுதறது. நான் ஒரு 40 பக்க நோட்டுல தப்பை மட்டும் எழுதி வெச்சிருந்தேன், "கலந்ததை மறந்தேன்", "மாசத்தை வருஷமா எடுத்தேன்", "வர்க்கமூலம் எடுக்கலை"ன்னு ஒரு வரி ஒரு வரியா, தமிழ்லதான். ரெண்டு மாசத்துல பார்த்தா அஞ்சாறு தப்பையேதான் திருப்பித் திருப்பி பண்ணிட்டு இருந்திருக்கேன். பரீட்சைக்கு முந்தின நாள் படிச்சது அந்த நோட்டை மட்டும்தான்.

பரீட்சைல தமிழ்ல எழுத முடியாது, தெரியும். மனசுக்குள்ள தமிழ்ல சொல்லிட்டு, குடுத்திருக்கறதை யூனிட்டோட மேல நாலு வரி இங்கிலீஷ்ல எழுதிடுங்க, பதில் தப்பானாலும் அந்த வரிக்கு மார்க் போடற மாஷ்ங்க இருக்காங்க.

ஒரே கணக்குல 20 நிமிஷத்துக்கு மேல முட்டிக்காதீங்க. வீட்டுலன்னா எந்திரிச்சுப் போய் மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு வாங்க, மாடு இல்லாதவங்க டீ குடிச்சுட்டு வாங்க. எனக்கு அந்த டி டெஸ்டே தொட்டிகிட்ட நிக்கறப்பதான் புரிஞ்சுது, வாளியை அப்படியே விட்டுட்டு உள்ள ஓடி வந்து போட்டேன், அம்மாகிட்ட திட்டும் வாங்கினேன்.