டாக்ஸிசைக்ளின் கிருமியின் புரத உற்பத்தியை எப்படி நிறுத்துகிறது?

உயிரணுவுக்குள் ரைபோசோம் என்ற நுண்ணிய பட்டறை இருக்கிறது. மரபணுவின் நகலைப் படித்து, அமினோ அமிலங்களை ஒவ்வொன்றாகக் கோத்துப் புரதம் செய்வது அதுதான். பாம்பன் கரையில் நாட்டுப்படகு கட்டுகிறார்கள் என்று வையுங்கள். அடுத்த பலகை பொருந்த வேண்டிய இடத்தில் யாரோ கட்டையைச் செருகிவிட்டால்? ஆசாரி இருக்கிறார், மரம் இருக்கிறது, வேலை மட்டும் நகராது. எலிக்காய்ச்சலுக்குத் தரும் டாக்ஸிசைக்ளின் அப்படித்தான் ரைபோசோமின் சிறு பகுதியில் ஒட்டிக்கொண்டு, அடுத்த அமினோ அமிலத்தை மறிக்கிறது. கிருமி பெருக முடியாது.

சரி, நம் உயிரணுக்கள்? நம் ரைபோசோமின் அமைப்பே வேறு. அதனால் பெரும்பாலும் தப்பிவிடுகிறது. மருத்துவத்தில் எனக்கு மிகவும் பிடித்த நுணுக்கம் இது.

இந்த மாத்திரை எடுக்கும்போது மீன், முட்டை கூடாது என்பது தவறான எண்ணம். தடைபடுவது கிருமியின் உற்பத்திதான், சாப்பாட்டுப் புரதம் அல்ல.