நினைவு நாணய விற்பனை: கணக்கில் எப்படி எழுதுவது?

ராமநாதபுரம் கடலோரத்தில் உறுப்பினர்களுக்கு நினைவு நாணயம் விற்கும் சிறு கூட்டுறவு வங்கிகளும் கடன் சங்கங்களும் அனுப்பிய கேள்விகள் இவை. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன்.

தஞ்சைப் பெரிய கோயில் ஆயிரமாண்டு நாணயம் ஒன்றை விற்பனைக்கு வாங்கியிருக்கிறோம். முகமதிப்பு 1,000 ரூபாய் என்பதால் காசாளர் அதை ரொக்க இருப்பில் 1,000 என்று சேர்த்துவிட்டார். சரியா? (பாம்பன்)

சரியில்லை. இந்த ஊர்ப் பக்கம் நான் அதிகம் பார்க்கும் பிழையும் இதுதான். அந்த நாணயம் 35 கிராம் எடை. ஐந்தில் நான்கு பங்கு வெள்ளி. 1,000 ரூபாய்க்கு உங்களுக்கு யாரும் தந்திருக்க மாட்டார்கள். பேச்சுக்கு 5,500 கொடுத்து வாங்கினீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ரொக்கத்தில் 1,000 ஏறினால் மீதி 4,500 செலவாகத்தான் போகும். பிறகு 6,000-க்கு விற்கும்போது 5,000 லாபம் என்று கணக்கு காட்டும். வாங்கிய அன்று இல்லாத நட்டம், விற்ற அன்று இல்லாத லாபம். உண்மையில் கிடைத்தது வரி போக 500-க்கும் குறைவு.

பேரேட்டில் 'விற்பனை நாணய இருப்பு' என்று தனிக் கணக்கு தொடங்கி, வாங்கிய விலையில் பதியுங்கள். ஜிஎஸ்டி பதிவு பெற்று உள்ளீட்டு வரியை, அதாவது வாங்கும்போது கட்டிய வரியை, திரும்ப எடுக்கும் வங்கியானால் அந்த வரியை விலையோடு சேர்க்க வேண்டாம். கூடவே ஓர் இருப்புப் பதிவேடு. அதில் ஒரு நாணயத்துக்கு ஒரு வரிசை: வாங்கிய தேதி, கொள்முதல் சீட்டு எண், நாணயத்தின் பெயரும் ஆண்டும், எடை, பெட்டியின் நிலை, அடக்க விலை, விற்றதும் அதே வரிசையில் ரசீது எண், உறுப்பினர் எண், விலை, வரி. 'காமராஜர் 100 ரூபாய் – 6' என்று மொத்தமாக எழுதிவைத்தால், 2003-இல் வந்த அந்த நாணயத்தில் புரூஃப் (சேகரிப்பாளருக்கெனத் தனியாக மெருகேற்றி அச்சிட்டது) எது, சாதாரணத் தயாரிப்பு எது என்று பின்னால் யாருக்கும் தெரியாது. இரண்டின் விலையும் ஒன்றல்ல.

மாதம் ஒருமுறை காசாளர் அல்லாத ஒருவர் பெட்டகத்தைத் திறந்து எண்ணிக் கையெழுத்திட வேண்டும். மார்ச் 31-இல் வெள்ளி விலை ஏறிவிட்டது என்று இருப்பு மதிப்பை ஏற்றாதீர்கள். வாங்கிய விலை, விற்கக்கூடிய விலை, இரண்டில் எது குறைவோ அதுதான்.

வெளிநாட்டிலிருந்து வந்த உறுப்பினர் ஒருவர் இரண்டரை லட்சத்துக்கு வெள்ளி நாணயங்கள் கேட்கிறார், ரொக்கமாக. மூன்று ரசீதாகப் பிரித்துப் போடலாமா? (கீழக்கரை, கடன் சங்கம்)

கூடாது. ஒருவரிடமிருந்து ஒரே நாளில் ரொக்கமாக 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ பெறுவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. அன்றைய தொகையைக் கூட்டித்தான் பார்ப்பார்கள். ரசீது எத்தனை என்பது பொருட்டே அல்ல. பெற்ற தொகை அளவுக்கு அபராதம் வரலாம், அதுவும் பணத்தை வாங்கிய உங்களுக்கு. கூட்டுறவு வங்கிகளுக்கு இந்தத் தடையிலிருந்து விலக்கு உண்டு. வங்கி உரிமம் இல்லாத சங்கம் அந்த விலக்கை நம்பி இறங்கக் கூடாது. அவருக்குச் சேமிப்புக் கணக்கு இருக்குமே, காசோலை வாங்குங்கள்.

கடற்கரையில் கிடைத்ததாக ஒருவர் பழைய செப்புக் காசுகள் கொண்டுவந்தார். சேதுபதி காலத்தவை என்கிறார். வாங்கி விற்றால் வங்கிக்கு வருமானம்தானே? (தொண்டி)

தொடவே வேண்டாம். நூறு ஆண்டுக்கு மேற்பட்ட காசு 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். அதை வாங்கி விற்கும் தொழிலுக்குத் தொல்லியல் துறையின் உரிமம் வேண்டும். மண்ணில் புதைந்து கிடைத்ததானால் 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டமும் வருகிறது: 10 ரூபாய்க்கு மேல் மதிப்பிருந்தால் கண்டெடுத்தவர் ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். பக்கத்து அழகன்குளத்தில் அகழாய்வில் ரோமானியக் காசுகளே வெளிவந்திருக்கின்றன. இந்த மண்ணில் கிடைக்கும் துருப்பிடித்த செம்பை இலேசாக எடைபோடாதீர்கள். அவரை வட்டாட்சியர் அலுவலகத்துக்கு அனுப்பிவையுங்கள்.

விற்காமல் இருந்த வெள்ளி நாணயங்கள் கறுத்துவிட்டன. எங்கள் உதவியாளர் புளியும் திருநீறும் போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கிவிட்டார். இப்போது வாங்குகிறவர் விலை குறைக்கிறார். (தேவிபட்டினம்)

குறைக்கத்தான் செய்வார். குத்துவிளக்குக்கு ஏற்ற வைத்தியம் நாணயத்துக்கு ஆகாது. தேய்த்த பரப்பில் மெல்லிய கீறல்கள் ஓடியிருக்கும்; விளக்கடியில் சாய்த்துப் பிடித்தால் உங்களுக்கே தெரியும். சேகரிப்பாளருக்குக் கறுத்த நாணயம் பரவாயில்லை, தேய்த்த நாணயம்தான் ஆகாது. பதிவேட்டில் 'சுத்தம் செய்யப்பட்டது' என்று தேதியோடு எழுதி, விற்கும்போது சொல்லி, இருப்பு மதிப்பையும் குறைத்துவிடுங்கள். மீதமுள்ளவற்றின் உறையைப் பிரிக்காமல், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வையுங்கள். மெத்தென்ற பிவிசி உறை வேண்டாம். அது நாளடைவில் நாணயத்தில் பச்சையாகப் பிசுபிசுக்கும்.

வைஷ்ணவ தேவி படம் போட்ட 5 ரூபாய்க்குப் பல லட்சம் தருவதாக உறுப்பினருக்குத் தொலைபேசி வந்ததாம். ரிசர்வ் வங்கிக்குக் 'கமிஷன்' கட்டப் பணம் எடுக்க வந்து நிற்கிறார். (மண்டபம்)

பணத்தைக் கொடுப்பதற்கு முன் உட்காரவைத்துப் பேசுங்கள். இப்படிப்பட்ட வியாபாரத்தில் தனக்குத் தொடர்பில்லை, கமிஷன் எதுவும் கேட்பதில்லை என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டிலேயே அறிவித்துவிட்டது. அந்த நாணயம் 2012-இல் புழக்கத்துக்கு வந்தது. அதைக் கொடுத்து ஐந்து ரூபாய்க்குத் தேநீர் கிடைத்தால் சரி.

பதிவேடுகளை எத்தனை ஆண்டு வைத்திருக்க வேண்டும்? (ராமநாதபுரம்)

ஜிஎஸ்டி கணக்குகளை, அந்த ஆண்டின் ஆண்டறிக்கைக்கான கெடு நாளிலிருந்து 72 மாதம். விற்காத நாணயம் ஒன்று பெட்டகத்தில் இருக்கும்வரை, அது வரவான பக்கத்தைக் கிழிக்க வழியே இல்லை.