வீட்டுக்கே வரும் ஆய்வு: கதவைத் திறக்கலாமா?

கேள்வி (வாசகி, திருநகர்): என் மகளுக்குப் பத்து மாதம். குழந்தைகள் எப்படிப் பேசக் கற்கிறார்கள் என்று ஆராயும் குழு ஒன்று, அவள் சட்டைப் பையில் சின்ன ரெக்கார்டர் வைத்து ஒரு நாள் முழுக்கப் பதிவு செய்யக் கேட்கிறது. எனக்குச் சம்மதம். மாமியார்தான், “நம்ம வீட்டுப் பேச்சை ஊர்க்காரன் கேக்கவா?” என்கிறார்.

பதில்: மாமியார் கேட்டது மிகச் சரியான கேள்வி. அதையே வந்தவர்களிடமும் கேளுங்கள். இந்த வகைக் கருவி உள்ளங்கைக்குள் அடங்கும். ஒரே மூச்சில் 16 மணி நேரம் வரை பதியும். மழலையோடு சேர்ந்து புருஷன் பெண்டாட்டி வாக்குவாதம், சீட்டுப் பணக் கணக்கு, பக்கத்து வீட்டு அக்கா வந்து சொன்ன சங்கதி எல்லாமே அதில் விழும். சில ஆய்வுகளில் மென்பொருளே சொற்களை எண்ணிவிடும். சிலவற்றில் ஆள் உட்கார்ந்து கேட்டு எழுதுவார். உங்கள் வீட்டுக்கு வருவது எந்த வகை என்று தெரியாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

தமிழில் அச்சிட்ட தகவல் தாளை முதல் நாளே வாங்கி, மாமியாருக்கும் வாசித்துக் காட்டுங்கள். பதிவை யார் கேட்பார்கள், எத்தனை வருடம் வைத்திருப்பார்கள், வேண்டாத பகுதியை அழிக்கச் சொல்லலாமா என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். ஆய்வு முறையாக நடக்கிறதா என்று கண்காணிக்கும் நெறிமுறைக் குழுவின் தொலைபேசி எண்ணும் வேண்டும். ஒப்புதல் படிவத்தின் நகல் ஒன்று உங்கள் பீரோவுக்குப் போக வேண்டும். நடுவில் வேண்டாம் என்று தோன்றினால் காரணம் சொல்லாமலே விலகலாம்.

பதிவு நாளன்று குளிப்பாட்டும்போது கருவியைக் கழற்றி, அதே அறையில் ஈரம் படாமல் வையுங்கள். பல பதிவுகள் கெடுவது இங்கேதான்: குளித்து, சாம்பிராணி போட்டு, வேறு சட்டை மாட்டியதும் கருவி அலமாரியிலேயே தங்கிவிடும். மொடமொடப்பான பாவாடை மைக்கில் உரசினால் குரல் மூழ்கிப்போகும். பருத்திச் சட்டை நல்லது. டிவியை வழக்கம்போல ஓடவிடுங்கள். ஆய்வுக்காக அணைத்தால் அது உங்கள் வீட்டு நாளாக இருக்காது. வீட்டுக்கு வருகிறவர்களிடம் பதிவு ஓடுவதை வாசலிலேயே சொல்லிவிடுங்கள். அவர்கள் பேச்சும் பதிகிறதே!

கேள்வி (வாசகி, உசிலம்பட்டி அருகே): மகனும் மருமகளும் விடியுமுன் மல்லிகை எடுக்கப் போய்விடுவார்கள். மூன்று வயதுப் பேரனுக்கு விரலில் ஊசி குத்தி ரத்தம் பார்க்க வந்தவர்கள், என்னிடம் கைநாட்டு கேட்டார்கள். வைக்கலாமா?

பதில்: வேண்டாம் அம்மா. பெற்றவர்களில் ஒருவர், அல்லது சட்டப்படியான பாதுகாவலர்தான் சம்மதம் தர வேண்டும். பூ எடுத்துத் திரும்பும் நேரத்தைச் சொல்லி அப்போது வரச் சொல்லுங்கள். கைநாட்டு வைப்பவரானால் ஆய்வுக் குழுவைச் சேராத ஒரு சாட்சி பக்கத்தில் இருக்க வேண்டும்.

சோதனைக்குப் பயப்பட வேண்டியதில்லை. தேசியக் குடும்ப நல ஆய்விலும் 2019-21 சுற்று வரை வீட்டிலேயே இப்படித்தான் எடுத்தார்கள். ஊசியை உங்கள் கண் முன் புதிதாகப் பிரிக்க வேண்டும். முதல் துளியைத் துடைத்துவிட்டு அடுத்ததை எடுக்க வேண்டும். விரலைப் பிதுக்கினால் திசு நீர் கலந்து அளவு குறைவாகக் காட்டும். முடிவை அங்கேயே கேட்டு வாங்குங்கள்: இந்த வயதில் ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்தசோகை, ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போங்கள்.

கேள்வி (கள ஆய்வாளர், மேலூர்): முதல் முறை போனால் காபி தருகிறார்கள். இரண்டாம் முறை வீடு பூட்டியிருக்கிறது. ஏன்?

பதில்: அரை மணி என்று சொல்லி இரண்டு மணி நேரம் உட்கார்ந்தீர்களா என்று முதலில் பாருங்கள். அடுத்த காரணம், சம்மதம் சொன்ன தாயிடம் மட்டும் பேசிவிட்டு, வீட்டுப் பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் வந்திருப்பீர்கள். பழி மருமகள் தலையில் விழும். அங்கன்வாடி பணியாளரை அழைத்துப் போனால் கதவு திறக்கும். ஆனால் மறுத்தால் சத்துமாவு நின்றுவிடுமோ என்ற பயத்தில் தலையாட்டுவார்கள். அந்தச் சம்மதம் சம்மதமே இல்லை. “வேண்டாம்னாலும் எதுவும் நிக்காது” என்று அந்தப் பணியாளர் முன்னாலேயே சொல்லுங்கள்.

வீடு தேடிப் போகும் ஆய்வு நம் பக்கம் புதிதல்ல. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையினர் திருச்சி மாவட்டத்தில் 15,419 குழந்தைகளை வைத்து நடத்திய ஆய்வு 1990இல் வெளியானது. ஓராண்டு, வாரந்தோறும் தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போனார்கள். வைட்டமின் ஏ சிறு அளவில் பெற்ற குழந்தைகளிடையே இறப்பு பாதிக்கும் கீழே போனது. வாராவாரம் கதவைத் திறந்த வீடுகள் இல்லாமல் அது தெரிந்திருக்காது.

வேலைக்குப் போகும் பெற்றோரை விட்டுவிட்டால் உங்கள் முடிவு வீட்டிலிருப்பவர்கள் பக்கம் சாய்ந்துவிடும். ஞாயிறும் மாலையும் போங்கள். எடை பார்க்குமுன் கொலுசு, அரைஞாண், தாயத்தைக் கழற்ற அனுமதி கேளுங்கள். தாயத்தைக் கழற்ற மனமில்லை என்றால் வற்புறுத்தாமல் ‘தாயத்துடன்’ என்று குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு வயதுக்குள் என்றால் குழந்தையைப் படுக்க வைத்து இருவர் பிடித்து நீளத்தை அளந்துகொள்ளுங்கள்: ஒருவர் தலை, ஒருவர் முழங்கால். பார்த்த எடையையும் நீளத்தையும் ஒரு சீட்டில் எழுதித் தாயின் கையில் கொடுத்துவிட்டு எழுந்திருங்கள்.