கரிநிறச் சுவரில் திட்டுகள்: மூன்றாவது கோட் அடிக்கலாமா?

கேள்வி: டிவிக்குப் பின்னால் உள்ள சுவரை மட்டும் அடர் கரிச்சாம்பல் நிறத்துக்கு மாற்றி ஒரு மாதம் ஆகிறது. மேட் எமல்ஷன், இரண்டு கோட். ஜன்னல் வெளிச்சத்தில் திட்டுத் திட்டாகத் தெரிகிறது. கை பட்ட இடம் பளபளக்கிறது. இன்னொரு கோட்டில் மறைந்துவிடும் என்கிறார் பெயின்டர். அடிக்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். வெள்ளைத் துணியை நனைத்துப் பிழிந்து, சுவரின் ஓரத்தில் பத்து முறை தேயுங்கள். துணியில் கறுப்பு நன்றாக அப்பினால் பெயின்ட் கலந்த விதத்தையே சந்தேகப்பட வேண்டும்.

அடர்நிறத்துக்கென்று ‘டீப் பேஸ்’ என்ற, நிறம் கலப்பதற்கான அடிப்படைப் பெயின்ட் தனியாக உண்டு. அதில் வெள்ளை நிறமி மிகக் குறைவு. நிறக்கூழுக்காகவே டப்பாவில் இடம் விட்டிருப்பார்கள். மிச்சம் கிடந்த வெள்ளை எமல்ஷனில் கறுப்பு ஸ்டெயினர் (நிறக்கூழ்) ஊற்றினால் சிமென்ட் சாம்பல்தான் வரும். நிறம் வரவில்லையே என்று மேலும் மேலும் ஊற்றுவார்கள். பிசின் தாங்கும் அளவைத் தாண்டினால் படலம் இறுகாது, தொட்டாலே ஒட்டும். டப்பாவைக் காட்டச் சொல்லுங்கள். மிஷினில் கலந்ததென்றால் ஷேடு எண்ணும் பேஸும் அச்சிட்ட ஸ்டிக்கர் இருக்கும். ‘கிழிஞ்சுபோச்சு’ என்பவருக்கு மூன்றாவது கோட்டுக்குப் பணம் கொடுக்காதீர்கள். உரிந்து வருகிற படலத்தைச் சுரண்டி எடுத்த பிறகுதான் மறுவேலை. சதுர அடிக் கணக்கில் கூலி பேசினால், காய்வதற்குக் காத்திருக்க எவருக்கும் மனம் வராது. கடைக்காரரோ தபால்தலை அளவு ஷேடு கார்டை நீட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார்.

துணி சுத்தமாக வந்தால், பெரும்பாலும் சுவரைச் சமப்படுத்தப் பூசும் பட்டிதான் காரணம். பட்டி பார்த்த இடமும் பழைய பெயின்ட் உள்ள இடமும் ஒரே மாதிரி உறிஞ்சுவதில்லை. 220 உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துத் தூசு துடையுங்கள். சுவர் முழுக்கச் சாம்பல் நிறம் கலந்த பிரைமர் ஒரு கோட், அதன்மேல் கரிநிறம் இரண்டு கோட். இடைவெளி 4 மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. 120 சதுர அடிக்கு 2 லிட்டரை ஒரே தடவையில் கலந்து வாங்குங்கள். ஒரு மூலையில் தொடங்கி, ஓரம் காயுமுன் அடுத்த வரிசையை உருட்ட வேண்டும். பாதிச் சுவரில் நிறுத்தினால் அந்தக் கோடு அழியாது.

கை பட்ட பளபளப்பு அடர்நிற மேட்டின் சுபாவம். லேசாக மினுங்கும் சாட்டின் பெயின்டுக்கு மாறினால் அது குறையும். ஆனால் பட்டியின் மேடுபள்ளம் வெளியே தெரியும்.

ஒரே ஒரு விதிவிலக்கு: சுவருக்கு அந்தப் பக்கம் குளியலறை இருக்கிறதா? அப்படியானால் மேலே சொன்ன எதையும் தொடங்காதீர்கள். கரிநிறத்தில் உப்புப் பூத்தால் மாவு தெளித்தது போலத் தெரியும். 2 அடி சதுரப் பிளாஸ்டிக் தாளின் நான்கு ஓரத்தையும் டேப்பால் இடைவெளியின்றி ஒட்டி, 48 மணி நேரம் விடுங்கள். தாளின் சுவர்ப்பக்கம் நீர்த்துளி நின்றால் ஈரம் சுவருக்குள் இருக்கிறது. அறைப்பக்கம் மட்டும் நின்றால் அது காற்றின் ஈரம், பயமில்லை. ‘ஓதத்துக்கு ஒரு கெமிக்கல் பிரைமர் இருக்கு’ என்று ஒருவர் நிச்சயம் வருவார். உள்ளே நீர் வந்துகொண்டிருக்கும்போது மேலே எதை அடித்தாலும் கொப்பளித்து உரியும். முதலில் பிளம்பரைக் கூப்பிடுங்கள். கசிவை அடைத்த பின் அதே தாளை மறுபடி ஒட்டிப் பாருங்கள்.